சாரின் பள்ளம்

குறைக்கடத்தித் துண்டு ஒன்றின் மேல் லேசர் அடித்தால் உள்ளே எலக்ட்ரான்கள் கிளம்பி ஓடும். எப்படி ஓடின, எப்போது அடங்கின என்பதை டெராஹெர்ட்ஸ் அலையை அனுப்பிக் கண்டுபிடிப்பது என் வேலை. ஒரு நொடியை லட்சம் கோடியாக வெட்டினால் கிடைக்கும் துணுக்குக்குள் நடக்கிற கூத்து அது. படித்து முடிக்க எனக்கு மட்டும் யுகமாகிறது. "நீ சேர்ந்தப்போ என் வயித்துல இருந்தவன் இப்ப ஸ்கூல்ல பெஞ்ச ஒடைக்கிறான்டி" என்கிறாள் அக்கா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

ஆய்விதழுக்குக் கட்டுரை போனால்தான் முனைவர் பட்டம் என்று என் கைடு சார் சொல்லிவிட்டார். அந்தக் கட்டுரையின் உயிர் ஒரு பள்ளம். லேசர் படுவதற்கு முன் எடுத்த வரைபடத்தில் இல்லாதது, பட்ட பிறகு எடுத்ததில் பளிச்சென்று விழுந்திருந்தது. எலக்ட்ரான்களின் புது நடத்தை என்று சார் குதித்தார்.

எனக்குச் சந்தேகம். காற்றிலிருக்கும் ஈரம் டெராஹெர்ட்ஸை அங்கங்கே விழுங்கிவிடும். அதனால்தான் கருவியை மூடி போட்ட பெட்டிக்குள் வைத்து, உலர்ந்த நைட்ரஜனை ஊதிக்கொண்டே இருப்போம். சாருக்கோ விருந்தாளி யார் வந்தாலும் மூடியைத் திறந்து காட்டியாக வேண்டும், புது பீரோ வாங்கியவர்கள் மாதிரி. அன்றும் இரண்டு அளவீட்டுக்கும் நடுவே திறந்தார்.

கட்டுரை அனுப்பவிருந்த காலையில் அவரையும் சீனியரையும் கருவியறைக்கு அழைத்தேன். சீனியருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆமாசார். பெட்டியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு, மூடி, கருவியை ஓட்டினேன். திரையில் அதே பள்ளம்.

"பார்த்தியா, எத்தனை தரம் எடுத்தாலும் வருது" என்றார் சார்.

"ஆமா சார்" என்றார் சீனியர்.

"சாம்பிள் துண்டு என் கையில இருக்கு சார்" என்றேன். "உள்ள வெறும் காத்துதான். நம்ம கண்டுபிடிச்சது ஈரத்தை."

சார் என் கையைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"நம்ம மூணு பேருக்கு."

"அப்ப அனுப்பிடலாம். எவன் வந்து பெட்டியத் தொறந்து பார்க்கப் போறான்?"

"அதான் நீங்களே தொறந்துட்டீங்களே."

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு."

"என் பேரை எடுத்துட்டு அனுப்புங்க."

"பேரை எடுத்தா டிகிரி இல்லம்மா. தெரியும்ல?"

"தெரியும் சார்." சாம்பிளை மேசையில் வைத்துவிட்டேன். உடைந்தால் அதற்கும் நான்தான் திட்டு வாங்க வேண்டும்.

ஆமாசார் தொண்டையைச் செருமினார். "என் பேரையும் எடுத்துடுங்க சார்."

"அப்ப நான் மட்டும் தனியா மாட்டிக்கணுமா?" என்றார் சார். அறிவியல் மேல் அவருக்கு அந்த நிமிஷம்தான் பக்தி வந்தது. "சரி, முதல்லேர்ந்து எடு."

முதலிலிருந்து என்றால் இந்த வருஷமும் பட்டம் கிடையாது. அழுகை முட்டியது. இவர் முன்னால் அழ எனக்கென்ன தலையெழுத்தா?

"எடுக்கறேன். முடியற வரைக்கும் இந்த ரூம் சாவி என்கிட்ட இருக்கணும்."

"நான் உன் கைடும்மா."

"அதனாலதான் சார்."

கொத்திலிருந்து சாவியைக் கழற்றுவதற்குள் அவருக்கு நகம் வளைந்தது. நான் உதவவில்லை.