நாலு பத்துக்கு வரும் தோங்பெக்

கணவாய் மீன் பிடிக்கப் போனவர்களின் கண்ணெதிரே கவிழ்ந்து மூழ்கிய தோங்பெக் என்ற பயணிகள் படகு, மூன்றாம் நாள் மாலை நாலு பத்துக்கு, வழக்கமான நேரத்தில் சல்சோம் தீவின் துறைக்கு வந்து நின்றது. அது 1973ஆம் வருஷத்துச் சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு மறுநாள். செத்தவர்களுக்காக அழுதுகொண்டிருந்தவர்கள் பாதி அழுகையில் எழுந்து துறைக்கு ஓடினார்கள். பண்டிகைக்கு வாங்கிய பொட்டலங்களைப் பிடித்தபடி பயணிகள் எல்லாரும் மேல்தளத்தில் நின்றார்கள். யாரும் கயிறு வீசவில்லை, பலகை போடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு நிமிஷம் நின்றுவிட்டு, படகு பின்வாங்கித் திரும்பி, முனைப்பாறைக்கு அப்பால் போய் மறைந்தது. மறுநாளும் நாலு பத்துக்கு வந்தது. ஏறிப் பார்க்கலாம் என்று துறையிலிருந்து தாவிய இரண்டு வாலிபர்கள் பனிமூட்டத்துக்குள் விழுவதுபோல அதன் ஊடாகத் தண்ணீரில் விழுந்தார்கள். ஒருவனுக்கு முன்பல் உடைந்தது. ஒரு மாதத்துக்குள் கடைக்காரர்கள் அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

பில்யேயின் கணவன் தோ கில்சூ பின்பக்கத்திலிருந்து நாலாவதாக நின்றான். அக்குளில் ஒரு செருப்புப் பெட்டி. அது தனக்கு வாங்கியதா, மாமனாருக்கு வாங்கியதா என்று இருபத்தாறு வயதான பில்யேவுக்குத் தெரியவில்லை. மாமனார் மன்சொக்கும் அவளும் தினமும் துறைக்குப் போவார்கள். அவர் ஏழு நிமிஷமும் வாய் ஓயாமல் மகனிடம் பேசுவார்: யார் வீட்டுப் பன்றி குட்டி போட்டது, கடற்பாசி என்ன விலை போகிறது, முழங்கால் வலி எந்தப் பக்கம். அவள் ஒன்றும் பேசமாட்டாள். படகு போனதும் கூடையை எடுத்துக்கொண்டு சிப்பி பொறுக்கப் போய்விடுவாள்.

சிப்பி பொறுக்கத்தான் முடிந்தது. குடும்பத்துக்குச் சொந்தமான கடற்பாசிப் பாத்தி கில்சூவின் பெயரில் இருந்தது. பெயருக்குரியவனே வந்து அறுக்க வேண்டும், வேறு பெயருக்கு மாற்ற அவன் செத்திருக்க வேண்டும் என்பது மீனவர் சங்கத்தின் விதி. மரணச் சான்றுக்கு மருத்துவர் சடலம் கேட்டார். ஒரு சடலம்கூடக் கரை ஒதுங்கவில்லை. கப்பல் விபத்தில் காணாமல் போனவரை மூன்று வருஷம் கழித்து இறந்தவராக அறிவிக்கலாம் என்று யாரோ சொல்ல, மூன்று வருஷமும் காத்திருந்து அவள் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா கெட்டவர் இல்லை. துறைக்கு வந்து தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போனவர்.

“தினம் பாக்குறீங்களேம்மா. காணாமப் போனவர்னு நான் எப்படி எழுதுறது?”

“அப்ப உயிரோட இருக்கார்னு எழுதிக் குடுங்க.”

“அதுக்கு அவரு நேர்ல வரணும்.”

கப்பல் கம்பெனியின் பதில் வேறு மாதிரி இருந்தது. பயணிகள் பட்டியலில் முப்பத்தெட்டுப் பெயர்கள்தான் இருந்தன. நாற்பது பேருக்குத்தான் அனுமதி. பண்டிகைக் கூட்டத்தில் பெயர் எழுதாமல் ஏற்றிய இருபத்துமூன்று பேரில் கில்சூவும் ஒருவன். பட்டியலில் இல்லாதவர் எங்கள் படகில் ஏறவே இல்லை என்று கம்பெனி கடிதம் போட்டது. அந்தக் கடிதத்தை மன்சொக் துறைக்குக் கொண்டுபோய் மகனுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

குடும்பங்கள் சேர்ந்து நகரத்திலிருந்து பியோன் என்ற வக்கீலைப் பிடித்தன. மெலிந்த மனிதர், படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவர். வழக்கு இரண்டு வருஷம் நடந்தது. கடைசியில் நீதிபதியே தீவுக்கு வந்தார். மழைக்கோட்டோடு துறையில் நின்று விரல் விட்டு எண்ணினார். அறுபத்தொன்று. ஐயம் வந்து மறுநாளும் எண்ணினார். அன்றும் அறுபத்தொன்று. சரக்குக் கிடங்குக்குள் மேஜை போட்டு விசாரணை நடந்தது.

கம்பெனி வக்கீல் நிதானமாகச் சொன்னார். படகில் இருக்கிறார்கள் என்றால் அவர்கள் சாகவில்லை, பயணம் இன்னும் முடியவில்லை, நஷ்டஈடு கேட்க ஒன்றும் இல்லை. செத்துவிட்டார்கள் என்றால் தினமும் தெரிவது அவர்கள் அல்ல, ஆகவே பட்டியலில் இல்லாத இருபத்துமூன்று பேருக்கு அத்தாட்சியும் இல்லை. இரண்டில் எதை வேண்டுமானாலும் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளட்டும். பியோன் எழுந்தார், ஆனால் காலையில் படகில் வந்தபோது பிடித்த தலைசுற்றல் இன்னும் போகாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பில்யே அனுமதி கேட்காமலே பேசினாள்.

“ஐயா, எனக்குச் சட்டம் தெரியாது. ஏத்துனவங்கள இறக்கிவிடணும், அதுக்குத்தானே டிக்கெட்டு? அஞ்சு வருஷமாச்சு. எங்க வீட்டுக்காரர் காலு இன்னும் கரையில படல. உசுரோட இறக்குவீங்களோ பொணமா இறக்குவீங்களோ, இறக்குங்க. முடியலன்னா முடியலன்னு எழுதிக் குடுங்க. நாங்க அழுதுட்டுப் போறோம்.”

கம்பெனி வக்கீல் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பயணியின் கால் கரையில் படும்வரை படகுக்காரரின் பொறுப்பு தீர்வதில்லை. அறுபத்தொரு பேரும் கவிழ்ந்த அன்றே இறந்தவர்கள். பட்டியலில் இருந்தவர், இல்லாதவர் என்ற பாகுபாடு அவர்களின் குடும்பத்தாரிடம் செல்லாது. இனி எந்தப் படகும் ஏறுபவர் ஒவ்வொருவரின் பெயரையும், அவருக்குச் சேதி சொல்ல வேண்டிய உறவின் பெயரையும் எழுதாமல் புறப்படக்கூடாது. இந்தத் தீர்ப்பில் சேர விரும்பும் குடும்பத்தில் ஒருவர், இறப்பை ஒப்புக்கொண்டு தன் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும்.

அந்தக் கடைசி வரிதான் தீவை இரண்டாக உடைத்தது. முத்திரை குத்தினால் படகு வராமல் போய்விடும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் தொடங்கியது என்று தெரியவில்லை, ஆனால் எல்லாரும் நம்பினார்கள்.

“பாக்குற புள்ளைய செத்துட்டான்னு எழுதச் சொல்றியா?” என்றார் மன்சொக். “அவன் அங்க நிக்கிறான். நீ இங்க குழி வெட்டுற.”

“நிக்கிறாரு மாமா. அஞ்சு வருஷமா நிக்கிறாரு. ஒரு நாளாவது நம்மளப் பாத்தாரா?”

“பாக்கலன்னா என்ன? நான் பாக்குறேன்ல?”

“நீங்க பாருங்க. எனக்கு அழணும். பொண்டாட்டியாவும் இல்லாம, விதவையாவும் இல்லாம, சிப்பிக் கூடையோட எத்தன வருஷம் நிப்பேன்?”

அவள் முத்திரை குத்தினாள். அழுத்திக் குத்தியதில் மை கொஞ்சம் பரவி, கில்சூவின் பெயரில் ஓர் எழுத்து மறைந்தது. பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து குத்தினார்கள். மறுநாள் தீவு முழுக்கத் துறையில் நின்றது. நாலு பத்துக்குத் தோங்பெக் வந்தது. எதுவும் மாறவில்லை. பயணிகள் அதே இடத்தில் அதே பொட்டலங்களோடு நின்றார்கள். பில்யே துறையிலேயே மண்டியிட்டு, முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். சுற்றி நின்றவர்களும் அழுதார்கள். படகு ஏழு நிமிஷம் நின்று அந்த அழுகையைக் கேட்டதோ என்னவோ, திரும்பிப் போனது. அந்த வாரம் வீடுதோறும் நினைவுச் சடங்குக்குச் சோறும் பேரிக்காயும் படைத்தார்கள்.

பாத்தி பில்யேயின் பெயருக்கு மாறியது. மன்சொக் அவள் சமைத்ததைச் சாப்பிட்டார், அவள் துவைத்ததை உடுத்தினார், ஆனால் இரண்டு வருஷம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்செல்லாம் துறையில்தான்.

மூன்றாம் வருஷம் பனி கொட்டிய ஒரு மதியம், அவர் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு டிக்கெட் கவுண்டருக்குப் போனார். அங்கே யொங்நிம் என்ற பெண் இருந்தாள்.

“ஒரு டிக்கெட்டு குடு. தோங்பெக்குக்கு.”

“தாத்தா, விளையாடாதீங்க.”

“யாராவது டிக்கெட்டு வாங்கிட்டு ஏறிப் பாத்தாங்களா? எல்லாப் பயலும் ஓசியில தாவுனான், தண்ணியில விழுந்தான்.”

யொங்நிம் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான், யாரும் வாங்கியதில்லை. புதிய விதிப்படி பட்டியலை எடுத்துப் பெயரும் வயதும் எழுதினாள். “சேதி சொல்ல வேண்டிய ஆளு?”

கிழவர் காசை எண்ணி வைத்தார். “மருமக. ஹோங் பில்யேன்னு எழுது. முத்திரை குத்துறதுல கெட்டிக்காரி.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “நல்லா இருக்கணும்னு சொன்னேன்னு சொல்லு. எழுதிக்க, மறந்துடுவ.”

நாலு பத்துக்குப் படகு வந்தது. யொங்நிம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். மன்சொக் காலைத் தூக்கி வைத்தார். படகின் தளப்பலகை தாங்கியது.

சேதி போய், பில்யே பாசி ஒட்டிய கைகளோடு ஓடிவந்தபோது படகு முனைப்பாறையைத் தாண்டியிருந்தது. மறுநாள் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். கிழவர் மகன் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கில்சூவின் தலை அவர் பக்கம் திரும்பியிருந்தது. செருப்புப் பெட்டி கிழவரின் கையில் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து, விதிப்படி, மாமனாரின் இறப்பைப் பதியப் பில்யே பதிவு அலுவலகத்துக்குப் போனாள். பழைய குமாஸ்தாதான். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. மையை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, காற்றில் தாள் பறக்காமல் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டார்.