மலிவுப் பதிப்பின் கடைசி அத்தியாயம்

செவந்தி டீச்சரின் அப்பா எழுதிய நாவலை மறுபடி அச்சிட, பதினோரு வருடம் டீச்சரிடம் அனுமதி கேட்டு அலைந்தேன். ஒரு எழுத்து மாற்றாமல் முதல் பதிப்பில் உள்ளபடியே போடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் வாக்குக் கொடுப்பேன். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். டீச்சர் ஆறிப்போன காபி கொடுத்து அனுப்பிவிடுவார்.

எழுத்தாளர் 1965இல் இறந்தார். அறுபது வருடம் கழிந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது சட்டம். இந்த ஜனவரி பிறந்ததும் டீச்சரின் கையெழுத்து எனக்குத் தேவையில்லாமல் போனது. சந்தோஷம் வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. முதல் பதிப்பு எங்கும் கிடைக்காததால் 1971இல் வந்த மலிவுப் பதிப்பைப் பார்த்தே ஆயிரம் பிரதி அச்சிட்டேன். அச்சான மறுநாள், நண்பர் வசந்தகுமார் முதல் பதிப்பை எங்கோ கண்டுபிடித்துப் படமெடுத்து போனில் அனுப்பினார். அதில், நான் அச்சிட்ட கடைசி அத்தியாயமே இல்லை. நாயகி கிணற்றில் விழுவதோடு கதை முடிந்திருந்தது.

உரிமைக் காலம் முடிந்தாலும், அச்சானதில் ஒரு பிரதியை முதலில் எழுதியவர் வீட்டில் கொடுப்பதுதான் முறை. வெற்றிலை பாக்கு, பழத்தோடு டீச்சர் ஊரான வல்லத்திராக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

டீச்சர் நேராகக் கடைசி அத்தியாயத்தைத்தான் திறந்தார். நின்றபடியே படித்து முடித்தார்.

"இது அப்பா எழுதுனதில்ல தம்பி, நான் எழுதுனது. அப்பாவோட பேப்பர்ல இருந்துச்சுன்னு சொல்லி மலிவுப் பதிப்பு போட்டவங்ககிட்ட குடுத்தேன். கெணத்துல விழுந்தது எங்க ஆத்தா. அப்பா அதோட முடிச்சுட்டாரு. நான்தான் கதையிலயாச்சும் மேல ஏத்தி வீட்டுக்குக் கூட்டியாந்தேன். நீங்க வாரப்பல்லாம் முதல் பதிப்பப் போடுறேன்னா, நான் எப்புடிங்க கையெழுத்துப் போடுவேன்?"

அப்படியென்றால் அந்தப் பதினாறு பக்கத்தின் உரிமை இன்னும் அவருடையது என்றேன். கேட்காமல் அச்சிட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். அப்பா பெயரிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, பேனா வாங்கி, அந்தப் பதினாறு பக்கத்துக்கு அனுமதி எழுதிக் கையெழுத்திட்டார்.

"அந்த முதல் பதிப்பு இப்ப எங்கயும் இல்லைல்ல?"

"எங்கயும் இல்லைங்க டீச்சர்."

திரும்பும் பஸ்ஸில் போனிலிருந்த படங்களை அழித்தேன். வசந்தகுமாரையும் அழிக்கச் சொல்லலாம் என்று பார்த்தால், முதல் பதிப்பு முழுவதையும் நேற்றே இணையத்தில் ஏற்றிவிட்டதாக அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. அறுபது வருடம் முடிந்துவிட்டது, இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார்.

அவருக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.