கூடைக்குக் கூடை

போல்ட்டுக்காரருக்குக் கோபம் வரக் காரணம் எதுவும் தேவையில்லை. அன்றைக்குக் காரணமும் இருந்தது.

கடல் தாண்டி அவருடைய போல்ட்டை வாங்குகிற கம்பெனி புதிதாக ஒன்று கேட்டிருந்தது. ஒரு டன் போல்ட் செய்ய எவ்வளவு கரிப்புகை விடுகிறாய், எண்ணாகச் சொல் என்று. அவர்கள் எல்லையில் இனிமேல் இரும்புச் சாமானோடு அதன் புகைக்கும் சேர்த்து வரியாம். சொந்தக் கணக்கு காட்டாதவனுக்கு அவர்களே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்வார்களாம். அது வேண்டுமென்றே உயரத்தில் தூக்கி வைத்த எண். அந்த எண்ணோடு வந்தாலும், சொந்த எண் தாங்கள் சொன்ன வரம்பைத் தாண்டினாலும் சரக்கு வேண்டாம் என்று கம்பெனி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. அவர் பட்டறையில் ஓடுவது முழுக்க அந்த ஒரு கம்பெனி வேலைதான். அது போனால் கதவுக்குப் பூட்டு.

கணக்குப் போட வந்தவள் அவருடைய தங்கை மகள். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இந்தப் புகைக் கணக்கைத் தயார் செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். சொந்தம் என்பதால் அவர் அவளை நம்பினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் முதலில் சந்தேகப்படுவதே சொந்தக்காரர்களைத்தான்.

"புகையை எந்தத் தராசுல நிறுப்பாங்களாம்?"

"புகையை நிறுக்க வேணாம் மாமா. எரிச்ச காஸை வெச்சே கணக்குப் போட்டுடலாம்."

"நம்ம கூரைக்கு மேல போற புகை, அங்க இருக்கிறவன் மூக்குல ஏறுதாக்கும்."

"மூக்குல ஏறல, வரியில ஏறுது. சொல்லுங்க, உலையில உங்க பங்கு எவ்வளவு?"

"பாதி."

"எப்படிப் பாதி?"

அதைச் சொல்லத் தொடங்கினாலே அவருக்குக் காது மடல் சிவந்துவிடும். அப்பா போன பிறகு அவரும் தம்பியும் பட்டறையைப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் சுவர் வைத்தார்கள். கடைசல் இயந்திரம், கிடங்கு, குடிதண்ணீர்க் குழாய், எல்லாம் இரண்டாயிற்று. இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கெட்டிப்படுத்துகிற உலையை மட்டும் பிளக்க முடியவில்லை. அது பின்கொட்டகையில் பொதுவாக நின்றுவிட்டது. அண்ணன் போல்ட் ஒரு கூடை, தம்பி செய்கிற டிராக்டர் உழவு பிளேடு ஒரு கூடை, காஸ் செலவு பாதிக்குப் பாதி என்று பேச்சு.

"கூடைக்குக் கூடை. நான் விளிம்போட நிறுத்துறேன். அவன் கோபுரம் கட்டுறான். பாரம் தூக்குற கொக்கி முனகும் பாரு, அது அவன் கூடை. கேட்டா, உங்க கூடை அளவுதான் எங்க கூடையும்னு எங்கப்பா மேல சத்தியம் பண்றான். அவனுக்கும் அவர்தான் அப்பா, ஞாபகமிருந்தா."

அந்தச் சத்தியம் செய்த அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பக்கத்து ஆட்கள் எவ்வளவோ சமாதானம் செய்து பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மருமகள் பாதிக் காஸைப் போல்ட்டின் எடைக்குப் பிரித்துப் போட்டாள். போல்ட் செய்ய வாங்குகிற கம்பிச் சுருளின் புகைக்கான எண்ணை அதைச் செய்த ஆலைக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள், அதில் கை வைக்க வழியில்லை. இரண்டையும் கூட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். எண் கம்பெனி சொன்ன வரம்பைத் தாண்டி நின்றது.

"நான் மட்டும் தனியா உலை போட்டுக்கிறேன். அவன் சங்காத்தமே வேணாம்."

"பாதி காலியா எரிச்சாலும் உலை அதே காஸைத்தான் குடிக்கும் மாமா. எண் இன்னும் ஏறும். ஆனா அவங்க விதி கூடையைப் பார்க்காது, எடையைத்தான் பார்க்கும். சின்ன மாமா கூடையில எவ்வளவு அதிகமோ, அவ்வளவு காஸ் அவர் பக்கம் போயிடும். உங்க எண் இறங்கும். சரிபார்க்க வர்றவங்க நேர்ல எடை போட்டுப் பார்ப்பாங்க, அதனால குத்துமதிப்பா எழுத முடியாது."

போல்ட்டுக்காரர் முகத்தில் பல காலம் காணாத வெளிச்சம். "அப்ப அவனைத் தராசுல ஏத்தணும்னு சட்டமே சொல்லுது."

தராசை ஆள்வைத்துத் தள்ளிக்கொண்டு பின்கொட்டகைக்குப் போனார். உலைக்காரர் அவரைப் பார்த்ததும் எண்ணெய்த் தொட்டிப் பக்கம் நழுவினார். இரண்டு பேரிடமும் சம்பளம் வாங்குகிறவருக்கு எதுவும் கண்ணில் படாது, காதில் விழாது. சத்தம் கேட்டுத் தம்பி வந்தார். ஊரில் அவருக்குப் பெயர் பிளேடுக்காரர்.

"இங்க என்ன தராசு?" என்று மருமகளைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் பக்கம் தலை திரும்பவில்லை.

"கூடையை நிறுக்கணும்னு சொல்லு உன் சின்ன மாமன்கிட்ட."

"என் கூடை, என் இரும்பு. நிறுக்க இவர் யாருன்னு கேளு உன் பெரிய மாமாவை."

"மடியில கனம் இல்லாதவன் எதுக்கு இந்தத் துள்ளு துள்றான்னு கேளு."

"நான் இங்கதான நிக்கிறேன், எனக்கே கேக்குது ரெண்டு பேரும் சொல்றது," என்றாள் மருமகள். "சின்ன மாமா, ஒரே ஒரு தடவை நிறுத்துக்கலாம்."

பிளேடுக்காரர் யோசித்தார். பிறகு தன் ஆட்களுக்குக் கண் காட்டினார். அவர்கள் கூடையின் மேலிருந்த பிளேடுகளை அடுக்கடுக்காக எடுத்துத் தரையில் வைத்தார்கள். விளிம்பு தெரிந்தது. "இப்ப நிறுங்க."

தராசு அண்ணன் கூடை அளவையே காட்டியது.

போல்ட்டுக்காரருக்கு உச்சந்தலைவரை ஏறியது. கண்ணுக்கு முன்னால் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கண்ணுக்கு முன்னாலேயே யோக்கியன் வேஷம் போடுகிறான். கையில் கிடைத்த கம்பியை அவர் எடுத்ததையும், மருமகள் அதைப் பிடுங்கிப் போட்டதையும் உலைக்காரர் மட்டும் பார்க்கவில்லை.

வெளியே இழுத்துக்கொண்டு போய் அவள் சொன்னாள்: "அவர் தராசுக்குப் பயப்படலை மாமா. உங்களுக்குப் பயப்படறார். நிசமான எடை தெரிஞ்சா, இத்தனை வருசம் உங்க காஸை எரிச்சதுக்கு நீங்க திருப்பிக் கேப்பீங்க."

"கேப்பேன். வட்டியோட கேப்பேன்."

"அப்ப அவர் நிறுக்க விட மாட்டார். உங்க சரக்கு போகாது."

"அதுக்கு? திருடனைப் பார்த்து நீ திருடினது போகட்டும்னு நான் கும்பிடு போடணுமா? நல்ல படிப்பும்மா உன் படிப்பு."

"கும்பிட வேணாம். கேக்க மாட்டேன்னு சொன்னாப் போதும்."

போல்ட்டுக்காரர் பட்டறைக்குள் போனார். நீள மேசையில் பெண்கள் போல்ட்டின் திருகு மரையைத் தடவித் தடவித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். என்ன ஆயிற்று என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அவர்கள்மேல் எரிந்து விழுந்திருக்கலாம். இத்தனை வருடம் அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தை ஊரே ஒப்புக்கொள்கிற நாள் வரும் என்று வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டிருந்தார். நாள் வந்தது. வந்து, வாயை மூடிக்கொள் என்கிறது. எவனோ எங்கோ உட்கார்ந்து போட்ட சட்டம், அவர் வீட்டுச் சண்டையில் அவரையே தோற்கச் சொல்கிறது.

திரும்பிப் போய்த் தம்பிக்கு நேராக நின்றார். நடுவில் மருமகள் இல்லை.

"பழசைக் கேக்க மாட்டேன். எப்பவும் போடுற மாதிரி போடு."

பிளேடுக்காரர் கண் இமைத்தார். "மருமக சாட்சி."

"அவ சாட்சி. போடு."

ஆட்கள் அடுக்கினார்கள். விளிம்பைத் தாண்டி, அதற்கும் மேலே, கொக்கிச் சங்கிலியைத் தொடுகிறவரை அடுக்கினார்கள். தராசு முள் ஓடி நின்ற இடத்தைப் போல்ட்டுக்காரர் குனிந்து பார்த்தார். கொஞ்சம் கூடுதல் இருக்கும் என்றுதான் அவர் இத்தனை நாள் வைதுகொண்டிருந்தார். இது கொஞ்சம் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு பங்கு. அவர் வைததெல்லாம் குறைவு.

திருப்பிக் கேட்க இனி உரிமை இல்லை. பல்லைக் கடித்தார். அது மருமகளுக்கே கேட்டது. அவள் எண்களைத் தட்டிவிட்டு, "வரம்புக்குள்ள வந்துடுச்சு மாமா," என்றாள்.

பிளேடுக்காரருக்கு எங்கேயோ உறுத்தியிருக்க வேண்டும். தன் ஆட்களிடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: "இனிமே விளிம்போட நிறுத்துங்க. நமக்கு எதுக்கு வம்பு."

ஆட்கள் மேலடுக்கில் கை வைத்தார்கள்.

"ஐயோ, குறைச்சா எண் திரும்ப ஏறிடும்," என்றாள் மருமகள்.

போல்ட்டுக்காரர் பாய்ந்து போய்க் கூடையின் மேல் இரண்டு கையையும் ஊன்றினார். பல வருடமாகத் தம்பியை எதுவும் சொல்லிக் கூப்பிடாதவர், தொண்டை கிழியக் கத்தினார்.

"எடுக்காதடா. இத்தனை நாளா திருடினப்ப வராத வெக்கம், எனக்குத் தேவைப்படுறப்ப வருதா உனக்கு? ஒரு பிளேடு குறைஞ்சுது, உன்னையும் சேர்த்து உலைக்குள்ள வெச்சுடுவேன். திருடின அளவு தினமும் வரணும். காஸுக்குப் பணம் மட்டும் இந்த மாசத்துலேருந்து எடைப்படி."

"பழசைக் கேக்க மாட்டேன்னு சொன்னியே அண்ணா."

"இது பழசாடா? உன் கூடை கண்ணுக்கு முன்னால நிக்குது."

பிளேடுக்காரர் மருமகளைப் பார்த்தார். அவள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் எடுத்த பிளேடுகளை மறுபடி மேலே வைத்தார்கள். வைத்து முடிக்கும்வரை போல்ட்டுக்காரர் கையை எடுக்கவில்லை, ஏச்சையும் நிறுத்தவில்லை.