தூக்காத கை

ரஸ் ஹால்வர்சன் நல்லவன் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மார்ச் மாதம் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மர மில், அந்தப் பக்கம் ரயில் நிலையம். முன்பு இரண்டும் தனித்தனி ஊர். 1969-இல் இரண்டையும் ஒரே நகரமாக்கியபோது எங்கள் கரையின் கடைசி மேயர் என் அப்பா. நகரமன்றத்தை அக்கரைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்கினார். பனித்தரையில் கனத்த கல்லை வழுக்கவிட்டு வட்டத்துக்குள் நிறுத்தும் கர்லிங் ஆட்டத்துக்கான தளம் எங்கள் கரையிலேயே இருக்க வேண்டும். "ஊரையே குடுத்துட்டு ஐஸ் தரைய வாங்கிட்டு வந்த மகராசன்" என்று அம்மா சாகும்வரை குத்திக்காட்டினாள். ஆனால் குளிர்காலத்தில் மில்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அங்கேதான்.

இந்த வருடம் மேயர் டெனீஸ் அக்கரையில் புதிய அரங்கம் கட்டக் கிளம்பினார். எங்கள் தளத்தை மூடச் சொல்லித் தீர்மானம் வந்தது. மன்றத்தில் ஏழு பேர். மேயரோடு சேர்த்து அவர் பக்கம் மூன்று. என்னோடு சேர்த்து எங்கள் பக்கம் மூன்று. ஏழாவது ஆள் ரஸ். முப்பது வருடமாக என் அணியில், நான் விடும் கல் தூரம் போவதற்காக அதன் முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிறவன்.

"நான் இருக்கேன்ல, வெர்னா? நிம்மதியாத் தூங்கு" என்றான். தூங்கினேன், முட்டாள்.

மார்ச் மாதக் கூட்டத்தில் "எதிர்ப்பவர்கள்?" என்று மேயர் கேட்டதும் எங்கள் மூன்று கைகளும் உயர்ந்தன. ரஸ் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். நாலுக்கு மூன்று, நிறைவேறியது என்று செயலர் எழுதிக்கொண்டார்.

வாசலில் வண்டியருகே அவனைப் பிடித்தேன்.

"நான் உனக்கு எதிரா ஓட்டுப் போடலையே" என்றான். "யாரையும் பகைச்சுக்க மனசு வரல. சும்மா இருந்துட்டேன்."

"சும்மாவா? இங்க கை தூக்காம உக்காந்திருந்தா ஆமான்னுதான் கணக்குன்னு நான் மன்றத்துக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது யாருடா? உன் தாத்தாவா?"

அவன் சாவியைத் தேடுவதுபோல் பைக்குள் கையை விட்டான்.

அடுத்த வாரம் மண்டல வாரியத்துக்கு நகரத்தின் பிரதிநிதியாக மேயர் அவன் பெயரை முன்மொழிந்தார். அன்று அவன் கை முதலில் உயர்ந்தது.

ஏப்ரலில் தளத்தின் கடைசி ஆட்டம். அவனோடு ஆட எனக்குப் பிடிக்கவில்லை. அணியைக் கலைக்கவும் மனமில்லை. கடைசிக் கல் என்னுடையது. விட்டேன். ரஸ் முன்னால் தேய்த்துக்கொண்டே ஓடினான். கல் வட்டத்தின் நட்டநடுவில் போய் நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று கூட்டம் கத்தியது.

ரஸ் நிமிர்ந்து கையைத் தூக்கினான்.

"என் தொடப்பம் கல்லுல பட்டுடுச்சு."

யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தப்புச் செய்தவன்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கல் செல்லாது. நாங்கள் தோற்றோம்.

"இந்த மாதிரி யோக்கியன் எங்க கிடைப்பான்!" என்று எதிரணிக்காரர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். அவன் என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. ஏதோ எல்லாம் நேராகிவிட்டது என்பதுபோல ஒரு சிரிப்பு வேறு.

"ஒரு கல்லுக்குத் தூக்குற கை, அன்னிக்கு எங்கடா போச்சு?" என்றேன்.

அவன் கையை மெல்ல இறக்கினான். நான் போய் என் கல்லை வட்டத்துக்கு வெளியே தள்ளினேன்.