ஒன்பதரை மணி நேரம் தள்ளி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை, திருடினேன். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிகளில் ஓர் அப்பாவும் மகளும் அடிக்குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாயைத் திறக்க வழியில்லை. காது மட்டும் சும்மா இருந்தது.

முதல் வரியாக இதைப் போட்டுப் பார்த்தேன்: ‘சரியாக நாலு இருபதுக்கு அவள் கைப்பையில் போன் துடித்தது. எடுத்தால் ஓர் உயிர் போகும் என்று அவளுக்குத்…’

அடித்துவிட்டேன். யார் உயிரும் போகவில்லை. ஐந்து மணிக்குப் போகவிருந்தது ஒரு கல்லூரி இடம்.

2

விஷயம் இதுதான். பிழைப்புக்கு வந்த நாட்டில் வளர்ந்த பெண். வீட்டில் ‘வாலு’. அக்கா போன வருடம் இன்னொரு கடல் தாண்டிப் படிக்கப் போய்விட்டாள். இவளுக்கும் அதே கல்லூரி வேண்டும். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. இந்த ஊரில் மையம் கிடையாது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் எழுதினாள், கொஞ்சத்தில் கோட்டைவிட்டாள்.

இப்போது உள்ளூர்க் கல்லூரி ஒன்று இடம் தருகிறது. ‘வேறெங்கும் முயல மாட்டேன்’ என்று இன்று ஐந்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்கவும் அதே ஐந்து மணிதான் கெடு.

(இரண்டு கெடுவும் ஒரே மணிக்கு என்பது என் கைவரிசை. நிஜத்தில் ஒன்று மறுநாள் காலை. தொடர்கதை எழுதிப் பழகிய கை, சொன்னால் கேட்காது.)

3

அப்பா ஏசி மெக்கானிக். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர், கடைவாயில் வலி.

“முடிவா என்னதான் சொல்ற?”

“தெரியலப்பா.”

“பதினொரு கேள்வியைத் தொடவே இல்ல. அது ஏன்னாவது சொல்லு.”

“கஷ்டமா இருந்துச்சு.”

“கணக்கு? உனக்கு? என் காதுல பூ சுத்தாத.”

வாலு கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“தெரியாம விட்டிருந்தா மறுபடி எழுதினாலும் அதே லட்சணம்தான். பேசாம இங்கயே சேர்ந்துடு. வேற ஏதாவது காரணம் இருந்தா வாயைத் திறந்து சொல்லு, இப்பவே பேர் கொடுத்துடலாம். நானே கூட்டிட்டுப் போறேன்.”

நியாயமான மனுஷன். ஒரு காரணம் கேட்கிறார், அவ்வளவுதான். வாலு செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

இங்கேதான் அவள்மேல் எனக்குச் சந்தேகம் தட்டியது. சோம்பேறியா? பயந்தாங்கொள்ளியா? காதலா? (காதல் என்று அரைப் பக்கம் எழுதினேன். பைக், தலைக்கவசம், அதைக் கழற்றியதும் அவன் முகத்தில் ஒரு… வேண்டாம்.)

அப்புறம்தான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். சுவரில் நாலு இருபத்தைந்து. அவள் கடிகாரத்தில் ஆறு ஐம்பத்தைந்து. நின்றுபோன கடிகாரமும் இல்லை, நொடிமுள் ஜோராக ஓடுகிறது.*

அது அக்காவின் நேரம். அங்கே காலை.

இனி என் ஊகம். அக்கா கிளம்பிய வாரம் முள்ளைத் திருப்பி வைத்தவள் அப்படியே விட்டுவிட்டாள். இப்போது அக்கா பல் தேய்ப்பாள், இப்போது சாவியைத் தேடுவாள் என்று வகுப்பில் இருந்தபடியே பார்த்துக்கொள்வாள். நம் நேரம் வேண்டுமென்றால் ஒன்பதரை மணியைக் கூட்ட வேண்டும். தேர்வு அறையில் சுவர்க் கடிகாரம் முதுகுக்குப் பின்னால். பதற்றத்தில் ஒன்பதை மட்டும் கூட்டிவிட்டாள். இன்னும் நாற்பது நிமிடம் என்று நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். இருந்தது பத்து.

இதைச் சொன்னால் அப்பா அந்த நொடியே சம்மதிப்பார். ஆனால் அக்காவுக்கும் தெரிந்துவிடும். தினமும் வந்த அக்காவின் போன், வாரத்துக்கு ஒன்றாகி, இப்போது மாதத்துக்கு இரண்டாகிவிட்டது. அவளிடம் போய், ‘நான் ஒரு வருஷமா உன் நேரத்துலதான் இருக்கேன்’ என்று எப்படிச் சொல்வது?

* பதினைந்து வருடம் துப்பறியும் கதை எழுதியதற்கு நிஜ வாழ்க்கையில் கிடைத்த ஒரே துப்பு.

5

நாலரைக்கு அப்பா மூத்தவளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“நீயே கேளு. என்கிட்ட மௌன விரதம்.”

“என்னடி வாலு, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மூச்சு விடுற சத்தமே சொல்லுதே.”

வாலுவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். “அக்கா, நான் அங்க வரணும்னு உனக்கு இருக்கா?”

அங்கே வண்டிகளின் இரைச்சலுக்கு மேல் அக்கா குரலை உயர்த்தினாள்.

“எனக்காகன்னு வராதடி. உனக்கு வேணும்னா வா.”

(இந்த வரியை வைத்து அக்காவைக் கல்நெஞ்சக்காரியாக்கினேன். பிறகு தியாகியாக்கினேன். இரண்டும் ஒட்டவில்லை. குரலில் தூக்கக் கலக்கம் இருந்தது, அதற்கடியில் வேறு என்னவோ. அதற்கு என்னிடம் சொல் இல்லை.)

“சரி, அந்தப் பதினொண்ணை ஏன் விட்ட? எனக்குமா சொல்ல மாட்ட?”

அந்த நேரம் பார்த்து நர்ஸ் என்னைக் கூப்பிட்டார்.

6

திரும்பி வந்தபோது நாற்காலிகள் காலி. மூன்று முடிவுகள் எழுதினேன்.

சொன்னாள், எழுதினாள், போனாள். “இவதான் என் தங்கச்சி” என்று தோழிகளிடம் காட்டிவிட்டு அக்கா வகுப்புக்கு ஓடினாள். புது அறையில் வாலு தனியாகப் பெட்டியைப் பிரித்…

சொல்லவில்லை. உள்ளூரில் சேர்ந்தாள், முதல் மதிப்பெண் எடுத்தாள், எல்லோரும் மெச்…

சொல்ல வந்தாள், சார்ஜ் தீர்ந்து போன் அணைந்…

மூன்றையும் கிழித்தேன். காரணம், உங்களிடம் ஒன்றை மறைத்திருந்தேன். உள்ளே போகும்போது, கதவு சாத்துவதற்கு முன் அக்காவின் குரல் காதில் விழுந்தது.

“பஸ் வந்துடுச்சு… போகட்டும், அடுத்ததுல போய்க்கிறேன். நீ சொல்லு.”

அக்கா நிறுத்தத்தில் நிற்கிறாள். அப்பா போனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருக்கிறார். ஐந்தடிக்க இன்னும் இருபத்தாறு நிமிடம். நானாக ஒரு முடிவு எழுதினால் அக்கா அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். எனக்கு மனசு வரவில்லை. ஒரே ஒரு சொல் போட்டுத் தருகிறேன். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். கேட்க ஆள் இருக்கிறது.

“அக்கா,