குசினி யன்னலின் உயரம்

லாபிர் மச்சான் டிவியை மேலே ஏற்றிய நாளிலிருந்து உம்மா நாடகத்தில் தலை இல்லாத மனிதர்களைத்தான் பார்த்தார்.

மருமகன் இருக்கும் ஹோலில் மாமியார் வந்து உட்காருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வீடு என் மூத்தவள் ராத்தாவின் சீதனம். அவளைக் கட்டி மச்சான் இங்கே வந்து ஏழு வருடம். ஏழு வருடமும் உம்மா குசினி முக்காலியில் இருந்து, கறிக் கோப்பை நீட்டும் சின்ன யன்னல் வழியாகவே டிவி பார்த்தார். கட்டை அலுமாரியின் மேல் இருந்தவரை அது முழுதாகத் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மச்சான் துறைமுகத்துச் சிநேகிதர்களுடன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு உம்மா ராத்தாவைக் கூப்பிட்டார்.

"மகள், நாடகம் துவங்கிட்டு. அரை மணித்தியாலம் தருவாரா எண்டு கேளு."

மச்சானுக்குக் கேட்டுவிட்டது.

"குசினியில இருக்கிற ஆக்களுக்குச் சட்டி பானை தெரிஞ்சாப் போதாதா?"

சிநேகிதர்கள் சிரித்தார்கள். உம்மா இறக்கி வைத்த கறியைத் திரும்பத் திரும்பக் கிண்டினார்.

அடுத்த நாள் மச்சான் பிரக்கெட் வாங்கிவந்து டிவியைச் சுவரில் உயரத்தில் மாட்டினார். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று தன் புது மோட்டார் சைக்கிளையும் ஹோலுக்குள் ஏற்றி, தன் கதிரைக்கு முன்னால் நிறுத்தினார்.

"மச்சான், கண் மட்டத்துக்கு வச்சாத்தான் கழுத்து நோகாது" என்றேன். அந்த மாதம் அவரிடம் நான் பேசியது அவ்வளவுதான்.

"டிகிரி முடிச்சு ரெண்டு வருஷம் சும்மா இருக்கிற ஆக்கள் எனக்கு உயரம் படிப்பிக்க வேணாம்."

அவர் வேலைக்குப் போன பிறகு அளந்தேன். முக்காலியில் உம்மாவின் கண் உயரம், யன்னலின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, சுவருக்கு உள்ள தூரம். கொப்பியில் இரண்டு கோடுகள் வரைந்தேன். அவற்றுக்கு இடையில் டிவி இருந்தால் உம்மாவுக்கு முழுதாகத் தெரியும்.

பிறகு மச்சானின் கதிரையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து மோட்டார் சைக்கிளின் கண்ணாடிக்கு மேலாக மூன்றாவது கோடு. ஸ்கோர் ஓடுவது திரையின் அடியில், நாலு விரல் அகலத்தில். அதைக் கண்ணாடி மறைக்கும். என் இரண்டு கோட்டுக்குள்ளேயே டிவியை நாலு விரல் உயர்த்தினால் இரண்டு பேருக்கும் சரிவரும்.

கொப்பியில் நான் உயர்த்தவில்லை.

மச்சான் இரண்டு நாள் தொடர் வேலைக்குப் போனபோது சுவர் வேலை செய்யும் ஜவ்பர் நானாவை டிரில்லோடு வரச் சொன்னேன்.

"கொஞ்சம் மேல அடிப்பமா, புள்ள? கதிரையில இருந்தா பைக் கண்ணாடி மறைக்கும்."

"வேணாம் நானா. இதான் கண் மட்டம்."

"அவர் ஏசுவார்டி" என்றாள் ராத்தா.

"வீடு ஆருட பேர்ல, ராத்தா?"

ராத்தா அளவு நாடாவின் மறு நுனியைப் பிடித்தாள்.

மச்சான் வந்து உட்கார்ந்தார். கழுத்தை வலம், இடம் வளைத்தார். "ஸ்கோர் எங்க?"

மோட்டார் சைக்கிளை வெளியே விட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் செயினில் சிவப்புப் புள்ளிகள். துடைத்து உள்ளே கொண்டுவந்தார். கதிரையைத் தள்ளிப் போட்டார். அங்கே ஃபேன் காற்று எட்டவில்லை. கடைசியில் ஓவர் முடியும்போதெல்லாம் எழும்பி நின்று பார்த்தார்.

"என்ன லாபிர், தேசிய கீதமா போகுது?" என்றார் ஒரு சிநேகிதர். அன்று எல்லோரும் சிரித்தது எனக்கு அறை வரை கேட்டது. நானும் சிரித்தேன்.

மறுநாள் மாலை நாடகம் ஓடும்போது அவர் டிரில் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ராத்தா சுவருக்கு முன்னால் நின்றாள்.

"என்ட சுவர்ல இனி ஓட்டை போடுறதெண்டா உம்மாட்டக் கேட்டுட்டுப் போடுங்க."

ஏழு வருடத்தில் அவர் உம்மாவிடம் நேரடியாக எதையும் கேட்டதில்லை. டிரில்லைக் கீழே வைத்தார். குசினிப் பக்கம் போனார். யன்னல் பதிவு, அவர் நெஞ்சளவுதான். குனிந்து, முகத்தை அதற்குள் கொடுத்தார்.

"மாமி... டிவிய ஒரு நாலு விரல்..."

உம்மா அவரைப் பார்க்கவில்லை. முக்காடைச் சரி செய்துகொண்டு, குசினியில் நின்ற என் பக்கம் திரும்பினார்.

"மகள், மறைக்குது எண்டு சொல்லு. நாடகம் முடியட்டும்."

சொன்னேன். அவர் விலகி நின்றார்.