அவர் நிமிரும்வரை

தேநீர்க் கோப்பையோடு அவள் அறை வாசலில் நின்றாள். உள்ளே கணவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு பழைய அகராதியின் ஓரத்தைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். புத்தகம் கட்டுவது அவர் தொழில். காது முழுதாகப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கருவி வைத்தும் பயனில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மூன்று மாதத்துக்கு முன் அவள் பின்னாலிருந்து தோளைத் தொட, அவர் திடுக்கிட, கத்தி கட்டைவிரலில் ஆழமாக இறங்கிவிட்டது. அன்றிலிருந்து தொடக்கூடாது. மேசையைத் திருப்பிப் போடலாமென்றால் ஜன்னல் வெளிச்சம் கைக்கு நேரே விழ வேண்டுமாம். விளக்கை அணைத்துக் கூப்பிடலாமென்றால் அறைச் சுவிட்சோ அவர் மேசைக்கு மேலே. ஆக, அவராக நிமிரும்வரை நிற்க வேண்டும், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. தேநீரில் ஆடை கட்டிவிட்டது.

மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள்.

"சமையலறையில ஒரே சுவிட்சு, தம்பி. தட்டினா நாலு ரூம் லைட்டும் தெரியணும். அவர் எங்க இருந்தாலும் பாக்கணும்."

"மொத்தமாச் சேத்துட்டா பாத்ரூம்ல லைட்டுப் போட்டா ஹாலும் சேந்து எரியும்க்கா. வீடு கண்காட்சி மாதிரி ஆயிடும்." கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தவன் முகம் மலர்ந்தது. "மாடிப்படி சுவிட்சு தெரியும்ல? கீழ போட்டு மேல அணைக்கிறது. அதையே வீடு முழுக்கப் பண்ணிடலாம்."

எல்லா அறைக்கும் இரண்டு வயர் ஓடும். இரண்டில் ஒன்றில்தான் எப்போதும் கரண்ட். எதில் என்பதைச் சமையலறைச் சுவிட்சு சொல்லும். இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்பதை அந்தந்த அறைச் சுவிட்சு சொல்லும். இங்கே தட்டினால் கரண்ட் அந்த வயரிலிருந்து இந்த வயருக்குத் தாவும். எரிவதெல்லாம் அணையும், அணைந்திருப்பதெல்லாம் எரியும்.

"அப்ப சுவிட்சு கீழ இருந்தா லைட்டு எரியுதுன்னு அர்த்தம் இல்லையா?"

"அதெல்லாம் மறந்துடுங்க. லைட்டப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

வேலை முடிய மாலையாகிவிட்டது. சுவரில் இதென்ன வேலை என்று கணவர் கேட்டதற்கு, 'வயரிங் பழசு' என்று துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டியிருந்தாள். எழுதிச் சொல்லும் அலுப்பில் இப்போதெல்லாம் எதையும் இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறாள்.

சுவிட்சைத் தட்டினாள். ஹால் இருண்டது, படுக்கையறை எரிந்தது. அவர் வரவில்லை. மறுபடி தட்டினாள். இன்னும் இரண்டு முறை. கால் கடுக்க நடந்து போய்ப் பார்த்தால், கையைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு அவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை பாத்துக் கிழிச்சான் இந்த ஆளு? நான் போட்டா அணையுது, அணைச்சா எரியுது!"

பின்னால் வந்த எலக்ட்ரீஷியன் விழித்தான். "அக்கா, சார்கிட்ட சொல்லவே இல்லையா?"

'நான் கூப்பிடுறேன்' என்று எழுதினாள். அவர் படித்தார்.

"லைட்ட அணைச்சாக் கூப்பிடுறதா? வீட்டுக்குள்ள என்ன ரயிலா ஓடுது, சிக்னல் போட?"

அவள் சீட்டைப் பிடுங்கித் திருப்பிப் போட்டாள். இந்த முறை சொல்லைச் சிக்கனம் பிடிக்கவில்லை. 'ஒவ்வொரு தடவையும் வந்து நின்னு நின்னு கால் போச்சுங்க. உங்க முதுகுதான் தெரியுது. மூணு மாசமா நான் உங்க முதுகோடதான் குடும்பம் நடத்துறேன்.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் பையை மூட்டை கட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போனான்.

சமையலறையில் தட்டு எடுத்துவைத்தாள். நடையின் தரையில், அவர் அறை வெளிச்சம் சதுரமாக விழுந்து கிடந்தது. இப்போதும் அவர் வராவிட்டால், நாளையிலிருந்து மறுபடி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். மூச்சைப் பிடித்துச் சுவிட்சைத் தட்டினாள். சதுரம் மறைந்தது.

நாற்காலி நகரும் சத்தம் இல்லை. காலடியும் இல்லை.

சதுரம் எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அவள் கை சுவிட்சுக்குப் போகவே இல்லை. 'வரேன்' என்கிறாரா, 'இரு' என்கிறாரா, வீம்புக்குத் தட்டிக்கொண்டிருக்கிறாரா? அப்படியெல்லாம் எதையும் அவர்கள் பேசி வைத்திருக்கவில்லை. கரண்டியும் கையுமாக அவள் தரையையே பார்த்துக்கொண்டு நிற்க, சதுரம் மறுபடி அணைந்தது.